வானம் வழுவழுப்பா, கரடுமுரடா?

லடாக் பகுதியில் ஹன்லே என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரம். அங்கே 2024 அக்டோபர் 4ம் தேதி, 'மேஸ்' என்ற பெரிய தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. 21 மீட்டர் அகலம். இந்த வகையில் ஆசியாவிலேயே பெரியது இதுதான்!

விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களைக் கவனிப்பதுதான் இதன் வேலை. 'அதைக் கவனித்து என்ன ஆகப்போகிறது?' என்று கேட்கிறீர்களா? காமா கதிர்களை வைத்து ஒரு பெரிய கேள்வியைச் சோதிக்க முடியும். இடமும் நேரமும் துண்டு துண்டாக இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

ஆற்று மணல் தூரத்தில் பார்த்தால் பாய் விரித்தது போல் தெரியும். கையில் அள்ளினால் தனித்தனி மணி. அதுபோல, நாம் நடமாடும் இடமும், கடிகாரம் காட்டும் நேரமும் மிகச் சின்ன மணிகளால் ஆனவையாக இருக்குமோ?

இந்தச் சந்தேகம் ஏன் வந்தது?

இடமும் நேரமும் துணி போல வளையும் என்று 1915ல் சொன்னார் ஐன்ஸ்டீன். ஒளியும் ஆற்றலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகின்றன என்கிறது குவாண்டம் இயற்பியல். இரண்டும் தனித்தனியே சரியாக வேலை செய்கின்றன. கருந்துளையின் நடுவே என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும், இரண்டும் ஒத்துப் போவதில்லை.

மகாராஷ்டிராவில் பிறந்த அபய் அஷ்டேகர், 1986ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைப் புதிய முறையில் எழுதிக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த ஒரு கொள்கை, 'இடமே துண்டுகளால் ஆனது' என்கிறது. நம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்தத் துண்டு எவ்வளவு சின்னது? அணுவுக்குள் இருக்கும் ஒரு புரோட்டானின் அகலத்தில் அவற்றை வரிசையாக அடுக்கினால், 1 போட்டு 20 சைபர் போட வேண்டும்! எந்த மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது.

பிறகு எப்படிச் சோதிப்பது?

ஜல்லி கொட்டிய ரோட்டில் டிராக்டரின் பெரிய சக்கரம் சுலபமாக உருண்டு போகும். தம்பியின் மூன்று சக்கர சைக்கிள் தடுமாறும். ஒளியும் அப்படித்தான். ஆற்றல் அதிகமானால் அலை சின்னதாகும். இடம் கரடுமுரடாக இருந்தால், சின்ன அலை சற்றே தாமதமாகலாம். அந்தத் தாமதம் மிக மிகக் குறைவு. ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்தால் சேர்ந்து சேர்ந்து பெரிதாகுமே!

2009 மே 10ம் தேதி அந்த வாய்ப்பு வந்தது. 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த காமா கதிர் வெடிப்பு ஒன்றை, 'பெர்மி' விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தது. அதில் ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு ஒளித்துகள்கள், 0.9 விநாடி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தன!

அந்த 0.9 விநாடி, கிளம்பும்போதே ஏற்பட்ட தாமதமாகவும் இருக்கலாமே? நல்ல சந்தேகம். கண்டாச்சிபுரத்தில் 5 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய பஸ், விழுப்புரத்திலும் 5 நிமிடம் தாமதம். திண்டிவனத்திலும் 5 நிமிடம்தான். ரோடு மோசம் என்றால், போகப் போகத் தாமதம் கூடும். அதனால்தான் வெவ்வேறு தூரத்தில் நடக்கும் வெடிப்புகளை ஒப்பிடுகிறார்கள்.

2022 அக்டோபர் 9ல் தெரிந்த பிரமாண்ட வெடிப்பிலிருந்து, சீனாவின் 'லாசோ' ஆய்வுக்கூடம் 60 ஆயிரத்துக்கும் அதிகமான காமா துகள்களைப் பதிவு செய்தது. அதிலும் ரோட்டால் வந்த தாமதம் தெரியவில்லை.

அப்படியானால் இடம் வழுவழுப்புதானா? அவசரப்படாதீர்கள்! 'ஆற்றல் கூடக் கூட, அதே கணக்கில் ஒளி தாமதமாகும்' என்ற எளிய யோசனைதான் தோற்றது. ஒளியைத் தாமதப்படுத்தாத துண்டுகளும் இருக்கலாம். தாமதம் இன்னும் நுட்பமாகவும் இருக்கலாம். 'இது இல்லை' என்று உறுதியாகத் தெரிவதும் அறிவியலுக்கு லாபம்தான். தேட வேண்டிய பாதைகளில் ஒன்று குறைகிறது அல்லவா?

அடுத்த முறை பஸ் தாமதமாக வந்தால், 'கிளம்பும்போதே தாமதமா, வழியில் தாமதமா?' என்று யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானிகள் வானத்தைப் பார்த்துக் கேட்பதும் அதே கேள்விதான்!