சிங்கக்குட்டியின் அப்பாவும் எங்கள் வீட்டுத் தாத்தாவும்



குழந்தைகள் பார்க்கிற படத்தில் சாவும் நோவும் எதற்கு, பிஞ்சு மனசு பயந்து போகாதா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் கேட்டவள்தான். 1990-ல் 'அஞ்சலி' பார்த்துவிட்டு வந்த ராத்திரி, என் மகள் அழுது அழுது சாப்பிடாமலே தூங்கிப் போனாள். அன்றைக்கு அந்தப் படம் எடுத்தவர்களை நான் திட்டாத திட்டில்லை!

போன வருஷம் என் கணவர் காலமானார். ஐந்து வயசுப் பேரனிடம், "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்டா கண்ணா" என்று சொல்லி வைத்தோம். அவனும் நம்பினான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, கடலை மிட்டாயில் பாதியைத் தாத்தாவுக்கென்று எடுத்து வைப்பான். பார்க்கிற எங்களுக்கு வயிற்றைப் பிசையும். ஆனாலும் உண்மையைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் டி.வி.யில் 2019-ல் வந்த 'லயன் கிங்' படத்தைத் தமிழில் போட்டார்கள். அப்பா சிங்கம் செத்துக் கிடக்க, குட்டி சிம்பா அதை எழுப்பிப் பார்க்கிற இடம் வந்தது. மகள் பதறிப்போய் ரிமோட்டை எடுத்தாள். பேரன் விடவில்லை.

"பாட்டி, சிம்பாவோட அப்பா இனிமே வரமாட்டாரா?"

"வரமாட்டாருப்பா."

"நம்ம தாத்தா?"

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அழுதான், நானும் அழுதேன். "அப்போ ஏன் ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னீங்க?" என்று கேட்டானே, அதற்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்று ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982-ல் இறந்து போனார். வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதையை மாற்றியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பரில், பெரியவர்களும் வீட்டில் இருக்கிற பண்டிகை நாளாகப் பார்த்து, ஹூப்பர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்று அந்தப் பெரிய மஞ்சள் பறவைப் பொம்மைக்குப் பக்குவமாகச் சொல்வது போல் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் 2002-ல் அதே மாதிரி நிகழ்ச்சியில் எச்.ஐ.வி. உள்ள காமி என்ற பொம்மைச் சிறுமியைச் சேர்த்தார்கள். மற்ற பொம்மைகள் அவளோடு ஒட்டி உறவாடி விளையாடும். நோய் வந்த குழந்தையை ஒதுக்கி வைக்கிற பெரியவர்களுக்கும் அது பாடம்தானே!

அதற்காக எல்லாவற்றையும் காட்டலாம் என்று சொல்ல வரவில்லை. ரத்தமும் அலறலும் வேண்டாம். பார்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுப்படி வேலை முடியட்டும் என்று செல்போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால், பிள்ளை அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கும்?

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. மெகா சீரியலில் விஷம் வைப்பதையும், ஐ.சி.யூ.வில் மூச்சு வாங்குவதையும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதானே பார்க்கிறோம்? அப்போது மட்டும் பிஞ்சு மனசு நம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பேரன் இப்போது மிட்டாயை முழுசாகச் சாப்பிடுகிறான். ஐந்து மணிக்குத் திண்ணைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. நானும் கூடப் போய் உட்கார்ந்து, தாத்தா கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்