கொழுந்துக்குக் கணக்கு இருக்கு, ஆளுக்கு?

நோர்வூட் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய், "இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து?" என்று கேட்டுப் பாருங்க. கணக்கப்பிள்ளை உடனே சொல்லிவிடுவார். "இந்த லயத்துல இன்னைக்கு ராத்திரி எத்தனை பேர் தூங்குவாங்க?" என்று கேளுங்க. பதில் வராது. எங்கள் சண்டை இதோடுதான்.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. யார் புதைந்தார்கள் என்று தேடுவதற்கு முன்னால், யார் அங்கே இருந்தார்கள் என்று தேட வேண்டியிருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் சனம் அதே லயத்தில்தான் இருந்தது.

நம்ம நிர்வாகங்களுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததுமே தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கிடைத்தது. நாடு வீட்டுக்குள் இருந்தபோது நம்ம அம்மாமார் மலையில் நின்றார்கள். நெருக்கடி வந்தாலும் கொழுந்து நிற்கக்கூடாது என்பதற்கு எப்போதும் ஒரு வழி இருக்கிறது. கொழுந்து எடுக்கும் ஆள் உயிரோடு இருக்கத்தான் வழி இல்லை.

2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அமைச்சு, திணைக்களம், அரச கூட்டுத்தாபனம் எல்லாம் அனர்த்தத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் 1992இலேயே கம்பனிகளின் கைக்குப் போய்விட்டது. திணைக்களத்தின் கோப்பில் திட்டம் இருந்தால், லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு நின்றுவிடுமா?

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. லயத்துக்கு லயம் தமிழில் ஒரு பெயர்ப்பட்டியல். எச்சரிக்கை வந்தால் ராத்திரியிலும் ஊதுகிற பெக்டரிச் சங்கு. எந்த ஸ்கூலுக்கு, எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே ஒரு முடிவு. வயசானவர்களை ஏற்ற கொழுந்து லொறி. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கை நாளில் வேலைக்குப் போகாவிட்டாலும் முழுப்பேர். சம்பளம் வெட்டினால், எந்த எச்சரிக்கை வந்தாலும் சனம் மலைக்குப் போகத்தான் செய்யும்.

செலவு அதிகம் என்பார்கள். பட்டியலுக்கு ஒரு கொப்பி போதும். சங்கும் லொறியும் ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கு. அடுத்த மழைக்கு முதல், உங்கள் தோட்டத்து ஆபீசில் போய்க் கேளுங்க: எங்க லயத்துப் பட்டியல் எங்கே?