திருப்பி அழைக்கும் கடிதம்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் மொழியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ எழுதுவதே வழமை. எனினும் இம்முறை நாம் ஒரு மோட்டார்க் காரைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழ்ப் பள்ளிக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வார இறுதியில் எம் பிள்ளைகளைப் பள்ளி வாயிலில் கொண்டுவந்து சேர்ப்பது அதுவே என்பது ஒரு விடை. மற்றைய விடையை இக்கட்டுரை கூறும்.

சென்ற பனிக்காலத்தில் ஒரு நாள், தேநீர் இடைவேளையின்போது, தந்தையார் ஒருவர் ஓர் உறையை எம்மிடம் நீட்டி, "மாஸ்ரர், இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்னர் அனுப்பப்பட்ட கடிதம் அது. அவர்கள் முன்னர் ஈஸ்ற்ஹாமில் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சென்று, அங்கு இப்போது குடியிருப்பவர் எடுத்துவைத்து, ஒரு பிறந்தநாள் விழாவிலே கையளித்திருக்கின்றார். தண்டப்பணம் கேட்கும் கடிதமோ என்றஞ்சி, அதன் பின்னரும் இரு வாரங்கள் திறவாமலே வைத்திருந்தாராம்.

திறந்து படித்தோம். அவருடைய கார் வகையிலே எரிபொருள் குழாயின் இணைப்பொன்றில் கசிவு ஏற்படக்கூடும்; கசிந்த எரிபொருள் தீப்பற்றக்கூடும்; கட்டணமின்றித் திருத்தித் தருவோம்; உடனே தொடர்பு கொள்க என்பதே செய்தி. நாம் வாசித்து முடிக்குமுன்னரே, அருகில் நின்ற அவருடைய மகள், எமது ஐந்தாம் வகுப்பு மாணவி, "நான் அப்பவே சொன்னனான் அப்பா, பின் சீற்றில பெற்றோல் மணக்குது எண்டு" என்றாள்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அன்று காரைப் பள்ளியருகிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளையுடன் பேருந்தில் வீடு சென்றார். பின்னர் கார் திருத்தப்பட்டது. தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் அத்தனை மாதங்களும் அப்பிள்ளை அந்தப் பின் இருக்கையில் அமர்ந்தே எம்மிடம் படிக்க வந்தாள் என்பதை எம்மால் மறக்க இயலவில்லை.

அத்தந்தையாரை நாம் குறை கூறவில்லை. பெற்றோல் மணம் எமது தலைமுறைக்கு அச்சமூட்டும் மணமன்று. நாம் சிறுவராயிருந்த 1990களின் யாழ்ப்பாணத்திலே, பொருளாதாரத் தடையின் கீழ், பெற்றோல் பொன்னைப்போல் அரிதாயிருந்தது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய காலம் அது. அக்காலத்துச் சிறுவர் பெற்றோல் மணந்தால் மகிழ்ந்தனர். அதே மூக்கோடுதான் இலண்டனுக்கு வந்தோம்.

ஆனால் பெற்றோலின் இயல்பு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே அது தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடுகின்றது. டீசல் அவ்வாறு ஆவதற்கு 55 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். எனவே இலண்டனின் கடுங்குளிரும் பெற்றோல் கசிவுக்குக் காவலாகாது. அதன் ஆவி காற்றிலும் பாரமானதாகையால் மேலெழுந்து கலைந்துவிடாது தாழ்ந்து பரவித் தேங்கும். ஒரு சிறு மின்பொறி போதும்.

விற்ற காரை உற்பத்தியாளர் பிழை கண்டு திருப்பி அழைப்பதை இந்நாட்டார் 'ரீகோல்' என்பர். அது வெட்கத்துக்குரிய செயலென்று சிலர் எண்ணுவர். எமது எண்ணம் வேறு. ஊரிலே கணிதம் கற்பித்த காலத்தில், ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டோம். மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு திருத்தினோம். மாணவர் எம்மை இகழவில்லை. ஆனால் மறுநாள் வகுப்புக்கு வராதிருந்த ஒரு மாணவன், பரீட்சையிலும் அந்தப் பிழையையே எழுதினான். பிழையை ஒப்புக்கொள்வது பாதி வேலையே. திருத்தம் ஒவ்வொருவரையும் சென்றடைவது மறுபாதி.

இதற்கு மெய்யான சான்றுகள் உள. இந்தியாவின் மாருதி சுசூகி நிறுவனம் 2010 பெப்ரவரியில், எரிபொருள் பம்பின் அடைப்பு வளையத்தால் கசிவு ஏற்படலாமென்று, ஏறத்தாழ 1,00,000 ஏ-ஸ்டார் கார்களைத் திருப்பி அழைத்தது. அதே கார் ஐரோப்பாவிலே சுசூகி ஆல்ட்டோ என்றும் நிசான் பிக்ஸோ என்றும் விற்பனையானது. கைக்கு அடங்கும் ஒரு வளையத்துக்காக ஒரு இலட்சம் கார்கள்! காலத்தே அழைத்தமையால் அது செய்தியாக மட்டுமே நின்றது.

காலந்தாழ்த்தினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் போர்ட் பின்ரோ சான்று. எரிபொருள் தாங்கி பின்புற அச்சுக்குப் பின்னால் அமைந்திருந்த அந்தக் கார், பின்னாலிருந்து மோதப்பட்டபோது எரிபொருள் சிந்தித் தீப்பற்றியது. 1970இல் விற்பனைக்கு வந்த அதனை 1978இலேயே திருப்பி அழைத்தனர். அதற்குள் பலர் எரிந்து மாண்டனர்.

எமது நாட்டிலும் வொக்ஸோல் சஃபிரா-பி கார்கள் தீப்பற்றின. அங்கே பழுது எரிபொருளில் அன்று, வெப்பமூட்டும் அமைப்பில் இருந்தது. 2015இன் இறுதியில் 200,000க்கு மேற்பட்ட கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. திருத்திய பின்னரும் சில தீப்பற்றவே, 2016இல் மீண்டும் அழைக்க நேர்ந்தது. நிறுவனம் தாமதித்ததென்று பாராளுமன்றப் போக்குவரத்துக் குழு 2017இல் கடுமையாகக் கண்டித்தது. நிறுவனங்கள் விரைந்து அழைக்கவேண்டும். அழைக்காதவற்றை அரசு தட்டிக் கேட்கவேண்டும். அதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் அழைக்கும் குரல் கேட்கும் இடத்தில் நாம் இருக்கின்றோமா? இதுவே எமது வினா. திருப்பி அழைக்கும் கடிதம், சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்தில் எந்தப் பெயரும் முகவரியும் உள்ளனவோ, அவற்றுக்கே செல்லும். நம்மவரோ அடிக்கடி வீடு மாறுவோர். பழைய கார்களை நண்பரிடம் கைமாற்றாக வாங்கி, பதிவை அவர் பெயரிலேயே விட்டுவைப்போரும் நம்மிடையே உளர். முகவரி மாற்றத்தை அறிவியாவிடில் 1,000 பவுண் வரை தண்டம் உண்டென்பதைச் சட்டம் கூறும். தண்டத்தினும் பெரிய இழப்பு, அந்தக் கடிதம் வேறொருவர் வாசலில் கிடப்பதே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீடு மாறினால் வாகனப் பதிவிலும் முகவரியை மாற்றுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பழைய கார் வாங்கினால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எம்.ஓ.ரி. சோதனையில் சித்தியடைந்துவிட்டதென்று வாளாவிராதீர்கள்; திருப்பி அழைக்கப்பட்டும் திருத்தப்படாத காரும் அதில் சித்தியடையலாம். அரசின் இணையத்தளத்திலே உங்கள் கார் வகை திருப்பி அழைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பாதுகாப்புக்கான இத்திருத்தத்துக்குப் பொதுவாகப் பணம் கேட்பதில்லை.

இரண்டாவது, உறைகளைத் திறவுங்கள். அலுவலகக் கடிதமென்றால் கெட்ட செய்தியே என்ற அச்சம் அகதிகளாய் வந்த நம்மில் பலருக்கு உண்டு. எமக்கும் இருந்தது; உள்துறை அமைச்சின் முடிவுக்காகக் காத்திருந்தவர் அதை அறிவர். ஆனால் நம்மைக் காக்கவென வரும் கடிதமும் அதே வாசலால்தான் வருகின்றது. படிக்க இயலாவிடில் எம்மிடம் கொண்டு வாருங்கள். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை.

மூன்றாவது, பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். காரில் பெற்றோல் மணந்தால், காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, எல்லோரும் இறங்கி விலகி நின்று உதவி கோருங்கள். மாணவச் செல்வங்களே, பெரியவர் ஒருமுறை கேளாவிடில் இரண்டாம் முறையும் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவன்று.

தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய மற்றைய விடை இதுதான். வள்ளுவர் 'குற்றங்கடிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதை இப்பள்ளியில் மனனஞ் செய்விக்கின்றோம். ஒப்புவித்தால் பரிசும் தருகின்றோம். பரிசு பெற்ற பிள்ளை, கேளாத காதுகளோடு ஓட்டப்படும் காரின் பின் இருக்கையில் வீடு திரும்புமாயின், நாம் கற்பித்ததன் பயன் யாது? விழா முடிந்து வீடு சென்றதும், திறவாத உறை ஏதும் உண்டா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.