ஊதலும் காற்றோட்டமும்

மலைநாட்டில் புறக்கடைக் கோழி வளர்ப்போருக்கெனப் பனிக்காலந்தோறும் ஆங்கிலத்தில் சுற்றறிக்கைகள் வெளியாகின்றன. அவற்றுள் இரண்டு அறிவுரைகள் தவறாமல் இடம்பெறும். கூண்டினுள் குளிர்காற்று புகலாகாது என்பது ஒன்று. கூண்டில் காற்று தாராளமாகப் புழங்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரு காற்றுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. தமிழாக்கங்களிலோ இரண்டும் ‘காற்று’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓரிடத்தில் காற்று கூடாது என்றும், அடுத்த வரியில் காற்று வேண்டும் என்றும் படிப்பவர் என்ன செய்வார்? முன்னதைக் கடைப்பிடித்துப் பின்னதை விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. குளிர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பகை. காற்றோட்டம் என்பதோ அறிக்கையில் மட்டுமே காணும் சொல்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் ஏற்பட்டுவிடவில்லை. மார்கழி, தை மாதங்களில் சந்து பொந்துகளின் வழியே நுழைந்து உடலைத் துளைக்கும் காற்றை ஊதல் என்றும், ஊதற்காற்று என்றும் நம் ஊர்களில் சொல்கிறோம். ஊதலைத் தடுக்க வேண்டும், காற்றோட்டத்தைக் காக்க வேண்டும் என்று எழுதினால் குழப்பத்திற்கு இடமே இல்லை. இது சொல் பற்றிய சிறு விவகாரம் எனத் தோன்றலாம். ஆனால் இக்குழப்பத்தின் விளைவைக் கோழிகளே அனுபவிக்கின்றன. வளர்ந்த கோழி குளிரால் மடிவதைக் காட்டிலும், குளிருக்கு அஞ்சி நாம் கூண்டை இறுக மூடுவதால் மடிவதே மிகுதி என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களைக் களப்பணியாளர்களின் முன்னும் ஆசிரியர்களின் முன்னும் வைக்கவே இதனை எழுதுகிறேன்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேட். அதாவது, நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். அவ்வெப்பத்தைக் காக்கும் கம்பளி அதன் இறகே. இன்னும் நுட்பமாகச் சொன்னால், இறகுகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றுப் படலமே. இறகு உலர்ந்திருந்து, இரைப்பையும் நிரம்பியிருக்குமாயின், நாட்டுக்கோழி நீர் உறையும் குளிரையும் அதற்குக் கீழ்ப்பட்ட சில டிகிரிகளையும் தாங்கிவிடும். ஊதல் அந்த இறகை விலக்கிப் படலத்தைக் கலைக்கிறது. ஆகவே அது தீது. ஈரம் இறகை ஒட்டச்செய்து படலத்தையே இல்லாமற் செய்கிறது. ஆகவே அது மேலும் தீது. கூண்டை இறுக மூடுகிறவர் முதலாவதைத் தடுக்கிறார். இரண்டாவதைத் தாமே உண்டாக்குகிறார்.

எங்ஙனம் எனக் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துக் கோழிகள் அடையும் சிறு கூண்டு ஒன்றின் கொள்ளளவு ஒன்றரை கனமீட்டர் என வைத்துக்கொள்வோம். கோழி ஒன்று நாளொன்றுக்கு 200 முதல் 250 மில்லிலிட்டர் வரை நீர் குடிக்கிறது. முட்டையில் சேரும் பங்கு போக, எஞ்சியதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளியேறிவிடும். எச்சத்தில் முக்கால் பங்கு நீரே. அதை ஒதுக்கிவிட்டு மூச்சை மட்டும் பார்ப்போம். மணிக்கு ஏறத்தாழ 3 கிராம் நீராவி எனக் கொண்டாலும், பதினான்கு மணி நேரப் பனிக்கால இரவில் பத்துக் கோழிகளும் சேர்ந்து 400 கிராமுக்கு மேற்பட்ட நீரைக் கூண்டுக் காற்றில் கலக்கின்றன. 0 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏற்கக்கூடிய நீராவியோ 5 கிராமுக்கும் குறைவு. அக்கூண்டின் காற்று முழுவதும் ஏற்கக்கூடியது சுமார் 7 கிராம். உள்ளே சற்று வெதுவெதுப்பாக இருந்து இந்த அளவு இரு மடங்கானாலும் 400 கிராமுக்கு முன் அது எம்மாத்திரம்?

எஞ்சிய நீர் தகரக் கூரையின் உட்புறத்தில் துளிகளாகத் திரண்டு கோழியின் முதுகிலும் தரையிலுள்ள கூளத்திலும் சொட்டுகிறது. கடுங்குளிர் நாட்களில் அது கூரையிலேயே உறைந்து நின்று, காலை வெயில் பட்டதும் உருகி ஒருசேரக் கொட்டுகிறது. பாலிதீன் விரிப்பால் கூண்டைச் சுற்றிப் பொதிந்து கட்டும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. மழைக்கும் ஊதலுக்கும் அது நல்ல தடுப்பே. நான்கு பக்கமும் கூரையடி வரைக்கும் இழுத்துக் கட்டும்போது, கூண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும் பையாக மாறிவிடுகிறது.

இதற்கு மாற்று, கோழியின் உடலிலேயே இருக்கிறது. கோழி ஒன்று வெளியிடும் வெப்பம் சுமார் 10 வாட். பத்துக் கோழிகள் சேர்ந்தால் ஒரு 100 வாட் குண்டு பல்புக்குச் சமம். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருப்பினும், உள்ளே வந்து சில டிகிரி சூடேறியதும் நீராவியை ஏற்கும் திறன் பெறுகிறது. சூடேறிய காற்று மேலெழும். மேலே வழி இருக்குமாயின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். எனவே அவ்வழி இறவாரத்தை ஒட்டி, அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, நான்கு விரற்கடை அகலத்தில், கூடுமானால் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய வேண்டும். கீரியும் காட்டுப்பூனையும் நுழையாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றறிக்கையில் ஒரே ஒரு வாக்கியத்திற்குத்தான் இடமுண்டு என்றால் நான் எழுதுவது இதுவே: கோழியின் உயரத்தில் உள்ள இடுக்குகளை அடைக்க, அதன் தலைக்கு மேலுள்ள திறப்பை எக்காரணம் கொண்டும் அடைக்காதிருக்க.

ஈரத்தைத் தொடர்ந்து வருவது அம்மோனியா. நனைந்த கூளத்தில் கிடக்கும் எச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழும் இவ்வாயு, கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலின் உட்புறத்து நுண்மயிர்களையும் கெடுக்கிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் காவலர்கள் அம்மயிர்களே. அவை தளர்ந்த பின் சளி நோய்களும், வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கேத் நோயும் எளிதில் பற்றுகின்றன. (இந்நோய்க்கு நம் நாட்டில் இப்பெயர் வழங்குவதே, குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டதனால்தான். நோயைத் தடுக்கும் ஊசிமருந்துகளுள் ஒன்றும் அதே மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.) கோழியகக் காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. இதை அளக்கும் கருவி எந்தப் புறக்கடையிலும் இராது. ஆனால் அவ்வரம்பை எட்டுவதற்கு முன்பே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். விடியற்காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, கோழி மூச்சுவிடும் உயரத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நெடி கண்ணைக் கரித்தால் திறப்பு போதவில்லை என்பது பொருள். நின்றபடி மோந்து பார்ப்பதில் பயனில்லை.

களப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் ‘இறப்புக்குக் காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. ஜனவரி மாதத்தில் அங்கே ‘குளிர்’ என்று எழுதிவிடுவது எளிது. எழுதிய பின் யாரும் கேள்வி கேட்பதுமில்லை. இதனால் நேரும் தீங்கு சிறிதன்று. அரசுத் திட்டத்தில் கிடைத்த பத்து, இருபது கோழிகளைப் பெரும்பாலும் பெண்களே வளர்க்கின்றனர். முட்டை விற்ற காசு அவர்கள் கையில் தனியாகப் புழங்கும் காசு. ஒரு பனிக்காலத்தில் கோழிகள் மடிந்து, காரணம் குளிர் என்று அதிகாரியே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த மலைக்குக் கோழி ஆகாது என்ற முடிவுக்குக் குடும்பமும் வருகிறது, அலுவலகமும் வருகிறது. குளிரை யாராலும் மாற்ற இயலாது. கூரையடியில் ஒரு திறப்பை யாராலும் வெட்ட இயலும். ஆகவே ‘குளிர்’ என எழுதுமுன் மூன்றைப் பார்த்தல் வேண்டும்: கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கினால் அது உருண்டையாக நிற்கிறதா உதிர்கிறதா, கூரையின் உட்புறம் நனைந்துள்ளதா, இறந்த கோழியின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் சளி உள்ளதா. கூளம் உருண்டையாக நின்றாலே காரணத்தைப் பாதி கண்டாயிற்று.

குளிர் எல்லா இடத்திலும் ஒருபடித்தானதும் அன்று. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் ‘சில்லை கலான்’ எனப்படும் கடுங்குளிர்க் காலம். அதனை அடுத்து இருபது நாட்களும் பத்து நாட்களுமாகக் குளிர் படிப்படியே தணியும். பனிமூட்டமும் ஈரமும் கலந்த குளிர் அது. லடாக்கின் லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட பிரதேசம். இரவில் குளிர் அதனினும் கொடிது, காற்றில் ஈரம் மிகக் குறைவு. அங்கே திறப்பு மட்டும் போதாது. தடித்த மண்சுவரும், பகல் வெயிலைப் பிடித்து வைக்கத் தெற்கு நோக்கிய கண்ணாடி அல்லது பாலிதீன் முகப்பும் வேண்டும். இமாசலத்துப் பழைய வீடுகளில் கீழ்த்தளம் மாடுகளுக்கு உரியது. அத்தொழுவத்தின் மூலையில் அடையும் கோழி, மாட்டின் வெப்பத்தையும் பங்கிட்டுக்கொள்கிறது. நம் நீலகிரியில், உதகையைச் சுற்றியுள்ள தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படியும் இரவுகள் சிலவே. ஆயினும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காயுமுன் அவை வந்துவிடுவதால், சுற்றறிக்கையின் இரண்டாம் அறிவுரை அங்கும் முக்கியமானதே.

குஞ்சுகளுக்கு மேற்கூறியவை அப்படியே பொருந்தா. இறகு முளைக்காத குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இதற்காகக் கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பவர்கள் உளர். அங்கே காற்று வெளியேற வழி இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு குஞ்சுகளை மட்டுமன்றி, காவலுக்குப் படுத்திருக்கும் மனிதரையும் கொன்றுவிடும். கூடியவரையில் பனிக்காலத்தில் குஞ்சு பொரிக்கவிடாதிருப்பதே நலம். திட்ட இலக்கை எட்டுவதற்காக டிசம்பரில் குஞ்சுகளை விநியோகிப்பதைவிட, மார்ச்சு வரை பொறுப்பதே மேல் எனத் துணிந்து சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆழ்கூளம் ஆறு அங்குலம் இருக்கட்டும். வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். அடையும் சட்டம் தட்டையாக, இரண்டு அங்குல அகலத்தில் இருப்பின், கோழி தன் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். ஒல்லியான மூங்கிற்கழியில் அது இயலாது. மாலையில் அடையுமுன் ஒரு கை முழுத் தானியம் கொடுத்தால், அது செரிக்கும் வெப்பம் இரவுக்கு உதவும். வெதுவெதுப்பான நீரைக் காலையிலும் நடுப்பகலிலும் வைத்து, இரவில் தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். கோழி இருட்டில் நீர் அருந்துவதில்லை. பெரிய ஒற்றைக் கொண்டை உடைய லெகார்ன் இனத்துக்குக் கொண்டை நுனி உறைந்து கறுத்துப்போகும் அபாயம் உண்டு. அசீல் போன்ற சிறு கொண்டை இனங்களுக்கு அது குறைவு. ஈரக் கூண்டில் இவ்வபாயமும் பெருகுகிறது.

பனிக்காலத்தில் முட்டை குறைவதற்கும் குளிரையே பழி சொல்கிறோம். முதற்காரணம் பகல் சுருங்குவதே. டிசம்பர் இறுதியில் சென்னையில் பகற்பொழுது பதினொன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்ரீநகரில் பத்து மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. முட்டையிடுவதற்கோ பதினான்கு மணி நேர ஒளி விரும்பத்தக்கது. விடியலுக்கு முன் சில மணி நேரம் ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் குறை பெரும்பாலும் தீரும். மின்சாரம் இல்லாத இடத்தில் கோழிக்கு அஃது ஓய்வுக்காலம் என்று விட்டுவிடுவதே முறை. தீனியைக் கூட்டியதால் முட்டை பெருகிவிடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவியாதல், ஆவி சுருங்கல் பாடத்தை நடத்தும்போது, கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் கையகலக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கூண்டின் உட்சுவரில், கோழியின் தலைக்கு மேலே கட்டச் சொல்லலாம். முதல் வாரம் திறப்பை அடைத்தும், அடுத்த வாரம் திறந்தும் வைத்து, தினமும் காலையில் கண்ணாடியில் நீர் வழிகிறதா, மங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா எனக் குறித்து வரட்டும். அந்தக் குறிப்பேட்டைத் தாயிடம் காட்டும் பிள்ளை, எங்கள் தமிழாக்கங்கள் அனைத்தையும்விடத் தெளிவாக இதனை விளக்கிவிடும்.

திறப்பை வெட்டுவதும் கூளத்துக்கான உமியைக் காயவைத்துச் சேமிப்பதும் குளிர் வந்த பின் ஆகிற காரியங்கள் அல்ல. காஷ்மீரத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் உலர்ந்த நாட்களே அதற்கு ஏற்றவை. நீலகிரியில் ஐப்பசி மழைக்கு முன்பே உமி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தும் அதே நாட்களில் கொடுக்கப்படல் வேண்டும். சுற்றறிக்கைகள் செப்டம்பருக்குள் தமிழாக்கத்துக்கு வந்து சேருமானால் இவையெல்லாம் நடைபெறும். டிசம்பர் நடுவில் வந்தால், படித்துக் கோப்பில் வைக்கவே உதவும்.