பிள்ளைத்தாய்ச்சியும் ராட்டினமும்

"கர்ப்பிணிகள் ஏறக் கூடாது."

உல்லாசப் பூங்காக்களில், ராட்சத விளையாட்டு யந்திரங்களின் வாசலில் இந்த மூன்று சொற்களைப் பார்க்கலாம். மேலே இருதய நோயாளிகள், கீழே முதுகுவலிக்காரர்கள், அதற்கும் கீழே மது அருந்தியவர்கள், நடுவில் கர்ப்பிணிகள். தாயாகப் போகிற ஒரு பெண்ணை நோய்க்கும் போதைக்கும் இடையில் நிறுத்திவிட்டு, தம் கடமை அத்துடன் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார் பூங்காக்காரர். அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? அவள் கணவனும், மாமியாரும், உற்றார் உறவினரும், ஏன், நாம் எல்லோருமே அவள் விஷயத்தில் தெரிந்து வைத்திருப்பது இந்த ஒரு சொல்லைத்தான்: கூடாது.

தடை தப்பென்று நான் வாதாட வரவில்லை. தடை சரியானது. ஆனால் காரணம் சொல்லாத தடை அரைகுறைத் தடை. அடுத்து என்ன செய்யலாம் என்று வழி காட்டாத தடை அநியாயமான தடை. இதுதான் என் கட்சி.

காரணத்தை முதலில் பார்ப்போம். கருப்பை நெகிழக்கூடியது, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடி அப்படி நெகிழாது. காற்றாய்ப் பறந்து வருகிற வண்டி சட்டென்று நின்றால் கருப்பை ஒரு பக்கம் இழுபடும். நஞ்சுக்கொடியால் கூடவே வர முடியாது. விளைவு, அது சுவரை விட்டுப் பெயர்ந்துவிடக் கூடும். பெயர்ந்தால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். தாய்க்கு உள்ளே ரத்தம் பெருகும். மோட்டார் விபத்துகளில் வயிற்றில் அடிபட்ட கர்ப்பிணிகளிடம் வைத்தியர்கள் கண்டறிந்த உண்மை இது. ராட்டினத்தின் குலுக்கலும், தொடைமேல் இறங்கி அழுத்தும் இரும்புத் தண்டும், நீர்ச்சறுக்கிலிருந்து தண்ணீருக்குள் விழும் வேகமும் அந்த அடிக்கு அண்ணன் தம்பி. எவ்வளவு வேகம் வரை ஆபத்தில்லை என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. அளப்பதற்காகக் கர்ப்பிணிகளை ஏற்றிச் சுற்றிப் பார்க்க எந்த வைத்தியருக்கு மனம் வரும்? ஆகவே, 'வேண்டாம்' என்பதே விவேகம்.

இவ்வளவையும் பலகையில் நாலு வரியில் எழுதலாம். எழுதினால் என்ன நடக்கும்? படிக்கிற பெண்ணுக்கு அது கட்டளையாகத் தெரியாது, விஷயமாகத் தெரியும். கட்டளையை மீறச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. விஷயம் தெரிந்தவளை அவ்வளவு சுலபமாக இழுத்துப் போய்விட முடியாது.

நம் வழக்கம் எப்படியிருக்கிறது? நாள் தள்ளிப்போன விஷயத்தை மூன்று மாதம் முடிகிற வரை நாலு பேருக்குத் தெரியவிடக் கூடாது, கண்ணேறு படும். அதே சமயம் புது மருமகளாயிற்றே என்று குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு மதுரைப் பக்கம் பூங்காவுக்கும், தென்காசிப் பாதையில் குற்றாலத்துக்கும் அழைத்துப் போவார்கள். "மதினி, நீங்க வராம நாங்க ஏற மாட்டோம்!" என்று நாத்தனார்மார் கையைப் பிடித்து இழுப்பார்கள். வயிறு தெரியாத பெண். வாயைத் திறந்து சொல்லவும் முடியாத பெண். டிக்கெட்டைக் கிழிக்கிற பையனுக்கு என்ன தெரியும்? பெரிய வயிற்றோடு வருகிறவளை யாரும் ஏற்ற மாட்டார்கள். அவளுக்குப் பலகையே தேவையில்லை. பலகை யாருக்குத் தேவையோ அவள் கூட்டத்தில் ஒருத்தியாய்ச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

இனி இன்னொரு பக்கம். காரணம் தெரியாத தடை, நாளைக்கே பழியாக மாறுகிறது. எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையை வெளியூரார் அறிய மாட்டார்கள். நான் சொல்வது தீபத்துக்குப் பெயர்பெற்ற வடக்கத்தித் திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சீனிவாசப் பெருமாள் குன்றின்மேல் நிற்கிற திருவண்ணாமலை. தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமே அங்கே திரண்டு படியேறும். அப்படி ஒரு சனிக்கிழமை மலையேறி வந்த இளம்பெண் ஒருத்திக்கு, இரண்டாம் மாதத்தில், கரு கலைந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த குடும்பம். "எவ பேச்சையும் கேக்காம மலையேறுனா, பெருமாள் என்ன செய்வாரு?" என்று அந்த வீட்டில் பேசிய பேச்சு வருஷக்கணக்கில் ஓயவில்லை. அடுத்த குழந்தை பிறந்து, அது நடந்து, பேசத் தொடங்கிய பிறகும் ஓயவில்லை.

வைத்திய சாஸ்திரம் என்ன சொல்கிறது? தெரியவந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைகிறவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் ஆரம்பத்திலேயே நேர்ந்த கோளாறு. அந்த மாதங்களில் கருப்பை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நோய் நொடியில்லாத பெண் நிதானமாகப் படியேறியதால் கரு கலைவதில்லை. வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னவள், ரத்தக் கசிவு கண்டவள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவள் சங்கதி வேறு. அவளுக்கு அவள் வைத்தியர் சொல்வதே வேதம். மற்றவர்களைப் பொறுத்தவரை, படியும் குற்றவாளி அல்ல. ஏறியவளும் குற்றவாளி அல்ல. இதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருமில்லை. பிள்ளையை இழந்தவள் பழியையும் சேர்த்துச் சுமந்தாள்.

இந்தப் பழியை வேறு எங்காவது சுமத்துகிறோமா என்று பாருங்கள். ராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். 1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா ஆலை தொடங்கிய நாளிலிருந்து இந்த வட்டாரத்துக்குப் பஞ்சாலைதான் சோறு. நூற்பு யந்திரங்களுக்கு இடையே நின்றும் நடந்தும் செய்கிற வேலை அது. பேறுகாலம் நெருங்குகிற பெண் கேட்டுக்கொண்டால் அவளுக்குக் கடினமான வேலையோ, நெடுநேரம் நிற்கிற வேலையோ கொடுக்கலாகாது என்று 1961-ல் வந்த மகப்பேற்று நலச் சட்டம் எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியது. ஏட்டில் இருப்பது இருக்கட்டும். நாட்கூலிக்கு வயலில் குனிகிறவளும், சித்தாளாய்ச் செங்கல் சுமக்கிறவளும் எந்தச் சட்டத்தை யாரிடம் காட்டுவது? எட்டாம் மாதத்தில் அவள் தலையில் சட்டி ஏறும்போது நம்மில் ஒருவரும் "ஆகாது" என்று ஓடிவரக் காணோம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வெளியே கிளம்பினால் மட்டும் சாஸ்திரம் அத்தனையும் நம் நாக்கில் வந்து நிற்கிறது! பாடு பட்டால் ஆகும், சந்தோஷப்பட்டால் ஆகாது. இது என்ன நியாயம்?

"இத்தனை ஆபத்தைச் சொல்கிறீரே, அந்தப் பத்து மாதம் வீட்டில் கிடந்தால்தான் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பத்து மாதம் என்று யார் சொன்னது? அது கழிந்தால் கைக்குழந்தை. அது நடந்தால் அடுத்த குழந்தை. நம் பெண்களில் பலருக்கு இருபதிலிருந்து முப்பது வரை இப்படியே போய்விடுகிறது. மேலும், பிள்ளைத்தாய்ச்சி கண்ணாடிப் பாத்திரம் அல்ல, ஒரு மனுஷி. நடை அவளுக்கு நல்லது, காற்று நல்லது, சிரிப்பு எல்லாவற்றையும்விட நல்லது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர்கள், தொட்டில் கட்டுவதற்கு முந்திய மாதங்களையும் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

எனவே அவள் போகட்டும். போகிற விதம் தெரிந்து போகட்டும். முதலில் தன் வைத்தியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். மசக்கை தணிந்து, வயிறு பெரிதாகாமல் இருக்கும் நாலு, ஐந்து, ஆறாம் மாதங்கள் வெளியே போக உகந்தவை. கத்திரி வெயிலில் வேண்டாம். கர்ப்பிணியின் உடம்பு உஷ்ணத்தைச் சுலபமாகத் தாங்காது. காலையில் போய், வெயில் ஏறுமுன் நிழலில் ஒதுங்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். வழவழப்பான தரையில் வழுக்காத தட்டைச் செருப்பு வேண்டும். வயிறு முன்னே தள்ளத் தள்ள உடம்பின் நிலை மாறுகிறது, விழுந்துவிடுவது எளிது. வேகமாகச் சுற்றுவது, மேலிருந்து விழுவது, ஒன்றோடொன்று மோதுகிற கார், நீர்ச்சறுக்கு, செயற்கை அலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். குற்றாலத்தில் அருவி ஓங்கி விழுகிற இடத்தையும் பாசிப் பாறையையும் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மெல்ல ஊர்கிற சிறு ரயில், தோட்டம், பொம்மலாட்டம், முழங்கால் அளவுத் தண்ணீர் போதாதா? பிறகு, ரத்தம் கண்டாலும், வயிறு இறுகி வலித்தாலும், நீர் கசிந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாற்போல் தோன்றினாலும், விழுந்து வயிற்றில் அடிபட்டாலும், "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஒரு நாழிகைகூடத் தாமதிக்கலாகாது. 108-க்குச் சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது அவள் பங்கு. பூங்காக்காரர் பங்கு என்ன? யந்திரம் நம்பத் தக்கது என்று அவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. 2019 ஜூலையில் ஆமதாபாத்தில் ஓர் ஊசல் யந்திரம் முறிந்து விழுந்து 2 பேர் மாண்டார்கள். 2025 மே மாதத்தில் சென்னை ஈஞ்சம்பாக்கத்துப் பூங்காவில் ஒரு யந்திரம் அந்தரத்தில் நின்றுபோய், ஏறியவர்கள் மணிக்கணக்கில் தவித்து, தீயணைப்புப் படையினர் வந்து இறக்கினார்கள். தாகத்தையும் சிறுநீரையும் அடக்க முடியாத ஒரு கர்ப்பிணி அங்கே மாட்டியிருந்தால்? குலுங்காத ராட்டினமும் அவளுக்கு ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஏறாதவளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதே பூங்காக்காரரிடம் என் கேள்வி. ஏறுகிறவனிடம் வாங்குகிற அதே நுழைவுக் கட்டணத்தை ஏற முடியாதவளிடமும் வாங்கிக்கொண்டு, உள்ளே போனதும் 'கூடாது' என்று பலகையைக் காட்டினால் அதற்கு என்ன பெயர்? கடையில் காசை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்க மாட்டேன் என்பதற்கு நாம் வைத்திருக்கிற பெயர்தான் இதற்கும். கட்டணத்தைக் குறையுங்கள்; அல்லது அந்தக் காசுக்கு நிழலில் சாய்ந்து உட்கார ஓர் இருக்கையும், குடிநீரும், பத்தடியில் சுத்தமான கழிவறையும், கூப்பிட்டால் வரும் ஒரு நர்ஸையும் கொடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955-ல் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்த பூங்காதான் இன்றைய உல்லாசப் பூங்காக்களுக்கெல்லாம் மூதாதை. அந்த யோசனை அவருக்கு எங்கே வந்ததாம்? தம் பெண்கள் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதாம். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து மகிழ ஓரிடம் இல்லையே என்ற குறை அங்கே பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ராட்டினத்தில் ஏறாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் மனக்குறையிலிருந்து பிறந்த தொழில், ஏறாமல் உட்கார்ந்திருப்பவளை மறந்துபோனால் அது நன்றிகெட்டதனம்.

பூங்காவுக்குச் சொன்னதையே கோயில் நிர்வாகத்துக்கும் குடும்பத்துக்கும் சொல்வேன். புரட்டாசிக் கூட்டத்தில் நசுங்காமல் ஒரு கர்ப்பிணி பெருமாளைச் சேவிக்கத் தனி வழியும், படிகளின் நடுவே மூச்சுவாங்கி உட்கார நிழலும் வேண்டும். வீட்டில் அதற்கு மேலும் ஒன்று வேண்டும். "உனக்கு முடியுமா அம்மா? போக ஆசையா?" என்ற கேள்வி. 'ஆகாது' என்று பூட்டுகிறவர்களும் இதைக் கேட்பதில்லை. 'வா' என்று இழுக்கிறவர்களும் கேட்பதில்லை. வளைகாப்பு நாளில் கை நிறைய வளையல் அடுக்கி அழகு பார்க்கிற நாம், அந்தக் கைக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்பதால் குறைந்துபோய்விட மாட்டோம்.

பலகையை எடுத்துவிடச் சொல்லவில்லை. எழுத்தை மாற்றச் சொல்கிறேன். "தாயே, இந்த யந்திரம் சட்டென்று நிற்கும், உள்ளிருக்கும் நஞ்சுக்கொடி பெயரக் கூடும், ஆகவே இதில் ஏற வேண்டாம். கர்ப்பம் என்று வெளியில் சொல்ல வேண்டியதும் இல்லை. வேண்டாம் என்றால் போதும், ஊழியர் காரணம் கேட்க மாட்டார். இடதுபுறம் நிழலில் இருக்கை உண்டு, குடிநீர் உண்டு, கழிவறை உண்டு" என்று எழுதட்டும். எழுதிய பின் அந்த இருக்கையை அங்கே போடட்டும். அதுவரை அந்த மூன்று சொற்கள் காப்பாற்றுவது பூங்காக்காரரைத்தான், பிள்ளைத்தாய்ச்சியை அல்ல.