தேய்க்கிற கைக்கும் ஒரு சர்டிபிகேட் வேணும்!



பிளஸ் டூ முடிச்சு என்ன செய்யப் போற என்று கேட்டால் நர்சிங், போலீஸ், ஐ.டி.ஐ. என்று சொல்கிறோம். "மசாஜ் படிக்கப் போறேன்" என்று ஒருத்தன் சொல்லிப் பார்க்கட்டும், வகுப்பே சிரிக்கும்! ஆனால் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தேய்த்துவிடுகிற ஆளை மட்டும் யாரும் தொழிலாளி என்றுகூட நினைப்பதில்லை. இது என்ன நியாயம்?

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. கேட்டதும் பார்டர் கடை புரோட்டா மாஸ்டர் ஞாபகம் வருதுல்ல! ஆனால் மாவு வேற, மனுச உடம்பு வேற. காய்ச்சல்காரரைத் தேய்க்கக் கூடாது. எலும்பு முறிந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் அப்பா, மாமா கூட நின்று பார்த்தால் மட்டும் தெரிஞ்சிராது. உட்கார வைத்துச் சொல்லித் தரணும்.

மற்ற ஊர்களில் சொல்லித் தருகிறார்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே செறுதுருத்தியில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் பஞ்சகர்மா டெக்னீஷியன் படிப்பு ஒரு வருடம். ஜப்பானில் மூன்று வருடம் படித்து, அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினால்தான் மசாஜ் செய்யலாம். அங்கே கண் பார்வை இல்லாதவர்கள் பல நூறு வருடமாக இதில் பேர் வாங்கியவர்கள். தாய்லாந்து மசாஜை 2019-ல் யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நம்ம பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் தெரபி டிப்ளமோ இருக்கு. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று, இருபது வருடமாக அருவிக்கரையில் தேய்க்கிற அண்ணாச்சிக்கு அது எட்டுமா?

2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை போட்டது. தண்ணிக்கு நல்லது, நான் குறை சொல்லல. ஆனால் அருவிக்கரையை நம்பியே பிழைத்தவர் வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் முதல்ல கேட்பது சர்டிபிகேட்டைத்தான். நல்ல கை இருக்கு, காகிதம் இல்லை!

2019-ல் தென்காசி தனி மாவட்டமும் ஆகியாச்சு. சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மிச்ச மாதங்களில் இங்கேயே மூன்று மாத வகுப்பு ஒன்று நடத்தினால் என்ன? பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற ஆச்சிமார் கையில் இருப்பதும் இதே வித்தைதானே! எதைச் செய்யக் கூடாது என்று பாடம் எடுக்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சித்த மருத்துவர் வரட்டும். எப்படிச் செய்யணும் என்று காட்ட அருவிக்கரை அண்ணாச்சி ஒருத்தர் நிற்கட்டும். அவருக்கும் வாத்தியார் சம்பளம் கொடுக்கணும், ஆமா!