டீச்சர் கள்ளுக்கடைக்குப் போகலாமா?



போன ஞாயிறு நான் போட்ட ஒரு படத்துக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. சித்தூர் ஆற்றங்கரையில் ஒரு பழைய கள்ளுக்கடை, பெஞ்சில் நானும் எங்க வீட்டுக்காரரும், முன்னால் குச்சிக்கிழங்கும் மீன் குழம்பும். அவ்வளவுதான். "டீச்சர், நீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். என் நங்கையா போனிலேயே கூப்பிட்டு, "ஏனம்மிணி, பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் வேணுமா?" என்றார்.

அதே வாரம்தான் இங்கிலாந்தில் இருக்கிற நம் பழைய மாணவன் ஒருவன், தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பழங்காலத்து பப்பில் தன் அம்மாவை உட்கார வைத்துப் படம் போட்டிருந்தான். அதற்கு எல்லோரும் இதயம் போட்டீர்கள். நானும் போட்டேன். பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம், பொது வீடு என்று பொருள். அது தேம்ஸ் கரையில் இருந்தால் பாரம்பரியம், சித்தூர்க் கரையில் இருந்தால் அசிங்கமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கடையைப் பற்றி. உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் தாண்டினால் கொழிஞ்சாம்பாறை, அப்புறம் சித்தூர். வழியெல்லாம் தமிழ் பேசுகிற ஊர்கள்தான். அந்த ஆற்றுக்கு அங்கே சோகநாசினி என்று ஒரு பெயர் உண்டு, சோகத்தை அழிப்பவள் என்று அர்த்தம். அதில் ஓடுவதில் ஒரு பங்கு நம் தண்ணீர். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். ஒரே தண்ணீர், ஒரே தென்னை. எல்லைக்கு அந்தப் பக்கம் பாளை சீவினால் தொழில், இந்தப் பக்கம் சீவினால் குற்றம்.

கடை ஓட்டுக் கட்டடம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. மூன்று தலைமுறையாக அதே இடத்தில் நடக்கிறது என்றார்கள். சமையல் செய்கிறவர் ஒரு பெண். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வாத்துக்கறி சாப்பிட்டது. காலையில் மரம் ஏறிக் கள் இறக்கியவரே மதியம் அங்கே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். யாரும் கத்தவில்லை, யாரும் விழவில்லை. நான் குடித்தேனா என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு கிளாஸ் குடித்தேன். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. இரண்டாவது கேட்கவில்லை.

இனி நம் கதை. வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரம் நடத்தியவள் நான், அதை இன்றும் மறுக்கவில்லை. வள்ளுவர் பத்துக் குறளில் கள்ளை வேண்டாம் என்கிறார். அதே தமிழில், தகடூர் அதியமான் கள்ளைத் தானும் குடித்து ஔவைக்கும் கொடுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. இரண்டும் நம்முடையவைதான். ஒன்றை மட்டும் காட்டி இன்னொன்றை மறைப்பது வாத்தியார் வேலை அல்ல.

ஈரோட்டில் 1921-இல் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1937-இல் ராஜாஜி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். கூலி முழுவதும் கடையில் கரைந்து பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்ததைப் பார்த்து எழுந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்கு நான் கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அது கடைசியில் எங்கே வந்து நின்றது? 1971-இல் கடைகள் திறந்தன, சில வருடத்தில் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1983-இல் டாஸ்மாக் வந்தது. கலப்படத்தைக் காரணம் சொல்லி 1987 ஜனவரி 1 முதல் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தார்கள். 2003-இல் பாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்தது. அதாவது, மதுவை விலக்கவில்லை. மரத்திலிருந்து இறங்கியதை விலக்கி, ஆலையிலிருந்து வந்ததை வைத்துக்கொண்டோம்.

கணக்குப் பாடம் மாதிரி பாருங்கள். கேரள விதிப்படி தென்னங்கள்ளில் ஆல்கஹால் 8.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. நம் கடையில் விற்கிற பிராந்தி பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஐந்து மடங்குக்கும் மேல். வீரியம் கூடியது சட்டப்படி சரி, குறைந்தது சட்டப்படி குற்றம் என்றால், அந்தச் சட்டம் குடிப்பவனைக் காப்பாற்றுகிறதா, யாரைக் காப்பாற்றுகிறது?

இதில் நட்டப்பட்டவர் யார் என்றும் பாருங்கள். மரம் வைத்திருக்கும் விவசாயிக்குத் தேங்காய் விலை விழுந்தால் வேறு வழியில்லை. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோய் தோப்பு தோப்பாகத் தின்கிறது. புளிக்காத நீரா இறக்க உரிமம் உண்டுதான். ஆனால் அதைக் குளிரிலேயே வைத்து விற்க வேண்டும், சின்ன விவசாயிக்கு அது கட்டுமா? மரம் ஏறத் தெரிந்த கைகள் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போய்விட்டன. கேரளத்திலோ கள் இறக்குகிறவர்களுக்கு நலநிதி என்று 1969-லேயே சட்டம் போட்டார்கள்.

இப்போது உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "கள்ளும் போதைதானே டீச்சர்?" ஆமாம் கண்ணு, போதைதான். அதை உணவு, மருந்து என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அளவு மீறினால் கள்ளும் ஈரலைத் தின்னும். "கலப்படம் செய்வார்களே?" செய்வார்கள். 2010-இல் மலப்புரத்தில் கள்ளில் மெத்தனால் கலந்ததால் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கேரளத்திலேயே நடந்தது அது, மறைக்க மாட்டேன். ஆனால் கள்ளைத் தடை செய்துவிட்ட நம் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்குத்தான் பலியானார்கள். தடை போட்டால் கலப்படம் நின்றுவிடும் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால் பேச வேண்டியது கடை எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி. இடைநிலை ஆசிரியராக முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். திங்கட்கிழமை காலையில் சாப்பிடாமல், தூங்காமல் வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த அப்பாக்கள் எல்லாம் யார் கண்ணிலும் படாமல் குடித்தவர்கள். பாட்டிலை வாங்கி, தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி, நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பேச்சில்லை, சோறில்லை, "போதும்டா" என்று சொல்ல ஆளில்லை.

சித்தூரில் நான் பார்த்த கடையில் ஒரு பெண் உள்ளே போய் உட்கார முடிகிறது. அதனாலேயே ஆண்கள் அங்கே ஒழுங்காக இருக்கிறார்கள். தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், சமைக்கிற அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார், தட்டில் சாப்பாடு இருக்கிறது. குடியின் வேகம் தானாகக் குறைகிறது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பொது வீடு என்ற பெயருக்கு அர்த்தம் அதுதான். ஊர் பார்க்க நடப்பதை ஊர் கட்டுப்படுத்த முடியும். கதவுக்குப் பின்னால் நடப்பதை யாராலும் முடியாது.

ஆகவே கள்ளுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சில நிபந்தனைகளோடு. கடைக்கு இந்தத் தோப்பு, இன்ன மரம் என்று பதிவு இருக்க வேண்டும். மரங்கள் தருவதற்கு மேல் ஒரு லிட்டர் விற்றாலும் உரிமம் போக வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் இடமாக இருக்க வேண்டும், பொழுது இறங்கியதும் மூட வேண்டும், பள்ளிக்கூடம் பக்கம் வரவே கூடாது. இவற்றுக்கு மேல் ஒன்று: இந்த ஊரில் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஊர்ப் பெண்கள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. "டீச்சரே சொல்லிவிட்டார்" என்று என் பெயரைச் சொல்லி யாரும் கிளாஸ் எடுக்காதீர்கள். குடிக்காதவன் குடிக்காமலே இருப்பதுதான் நல்லது. குடியால் வீடு இழந்தவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு கிளாஸ்கூட வேண்டாம்.

தோப்பு வைத்திருக்கிற, பஞ்சாயத்தில் இருக்கிற, சட்டம் படித்த என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்களை அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். காந்தி பிறந்த நாளில் கள்ளைப் பற்றியா என்று முகம் சுளிக்க வேண்டாம். குடியைப் பற்றி ஊர் கூடிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?